அப்பா அனுப்பும் அரிசிக்கு என்ன விலை?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னையில் ஐ.டி. வேலை. 45 வயதில் வேலையை விட்டுவிடும் திட்டத்தோடு சம்பளத்தில் 60 சதவீதம் சேமிக்கிறோம். அரிசி, எண்ணெய், தேங்காய் எல்லாம் ஊரிலிருந்து அப்பா அனுப்பிவிடுவதால் மாதச் செலவு 32,000 ரூபாய்தான். அவருக்கு 70 வயது, இன்னும் வயலுக்குப் போகிறார். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு, அதாவது 96 லட்சம் சேர்ந்தால் போதும். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. போனால் 15,000 ஆகும் என்று இரண்டு வருடமாகத் தவிர்த்து வருகிறேன். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. புரியாதது உங்களுக்குத்தான்.

'அப்பா அனுப்பிவிடுவதால்' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். நெல் தானாக அரிசியாகிச் சென்னைக்கு பஸ் ஏறுவதில்லை. அவிக்க வேண்டும், காயப்போட வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் வாரவேண்டும், மில்லில் காத்துக்கிடந்து அரைக்க வேண்டும். என் அப்பாவும் எங்களுக்கு அனுப்பியவர்தான். மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்து, சைக்கிள் கேரியரில் வைத்து, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போவார். வந்து சேர்ந்தது என்று நாங்கள் போன் செய்யும்வரை தூங்க மாட்டார். வண்டிச் சத்தம் எவ்வளவு ஆச்சு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். ஊரிலிருந்து வரும் சாமான்களைக் கடையில் வாங்கினால் மாதம் 4,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 48,000. 25 மடங்கு என்றால் 12 லட்சம். உங்கள் 96 லட்சத்தில் அது இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 32,000 ஒன்பது வருடத்தில் 54,000 ஆகிவிடும். அதுவும் இல்லை. அந்த 25 மடங்குக் கணக்கே, 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டுச் சந்தை நிலவரத்தை வைத்து, 30 வருட ஓய்வுக்குப் போட்டதிலிருந்து வந்தது. 45-ல் நிற்கும் நீங்கள் 40 வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

அப்புறம், அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? உங்கள் கம்பெனி பாலிசியை நம்பியிருந்தால், வேலையை விட்டதும் அது போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். இந்த மாதமே அவர்கள் பெயரில் தனியாக எடுங்கள்.

சிக்கனம் நல்ல பழக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் வாயைக் கட்டிச் சேமிப்பதுதான் சிக்கனம். 70 வயதில் ஒருவர் சேற்றில் இறங்கினால்தான் 45-ல் நீங்கள் ஓய்வெடுக்க முடியும் என்றால், உங்களுக்கு முன்னால் ஓய்வெடுக்க வேண்டியவர் அவர். மகன் என்று இருப்பதே அதற்குத்தான். அரிசியை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டாமல் இருந்துவிட்டீர்களே!

பொங்கலுக்கு ரயிலில் 60 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடும். முதல் நாளே போடுங்கள். களத்தில் அப்பாவோடு நிற்கும்போது உரம், நடவு, அறுப்புக் கூலி எவ்வளவு ஆச்சு என்று கேளுங்கள். பணத்தை நீட்டினால் அவர் வாங்க மாட்டார். அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.