நட்பு ஆட்டத்துக்கு 15 பவுண்டா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். எங்கள் ஊர் கால்பந்து கிளப் ஏழாம் நிலை லீக்கில் ஆடுகிறது. என்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. ஜூலையில் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடும் கிளப் ஒன்றின் ‘லெவன்’ அணி எங்கள் மைதானத்துக்கு நட்பு ஆட்டம் ஆட வருகிறது. அதற்குத் தனியாக 15 பவுண்ட் கேட்கிறார்கள். வழக்கமான லீக் ஆட்டத்துக்கே 13 பவுண்ட்தான். வேறொரு இணையதளத்தில் அதே டிக்கெட்டை 24 பவுண்டுக்கு விற்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ஒருவர் ‘எங்களால் போக முடியவில்லை, 12 பவுண்டுக்குத் தருகிறேன்’ என்கிறார். சீசன் டிக்கெட் வைத்திருப்பவரிடம் மறுபடியும் காசு வாங்கலாமா? எங்கே வாங்குவது நல்லது? நாங்கள் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்.

பதில்: வாங்கலாம், அதில் தவறில்லை. டிக்கெட்டைக் கிளப்பின் சொந்தப் பக்கத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் ஆட்டத்தன்று வாசலில் வாங்குங்கள். 24 பவுண்ட் தளத்தையும் 12 பவுண்ட் ஆளையும் இப்போதே மறந்துவிடுங்கள்.

முதலில் சீசன் டிக்கெட். அது பெரும்பாலும் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களுக்கு மட்டும்தான். ஏழாம் நிலையில் ஒரு பிரிவுக்கு 22 அணிகள் என்பதால் உங்கள் மைதானத்தில் 21 லீக் ஆட்டங்கள் நடக்கும். நீங்கள் முன்கூட்டியே காசு கட்டியது அந்த 21-க்கு. கோப்பை ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களும் அதற்கு வெளியே. சில கிளப்புகள் சீசன் டிக்கெட்காரர்களுக்கு இரண்டு மூன்று பவுண்ட் குறைத்துத் தருகின்றன. அந்தத் தள்ளுபடிக் குறியீடு மின்னஞ்சலில் வரும், பெரும்பாலும் ஒரு கடைசித் தேதியோடு வரும். தேவையற்ற அஞ்சல்கள் சேரும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்து, லீக் ஆட்டத்தை விட விலை ஏன் கூடுதல்? நட்பு ஆட்டத்தின் வசூலை இரண்டு கிளப்புகளும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பது முழுக்க அவர்களுக்குள் பேசிக்கொள்வது. உள்ளூர்க் கிளப் முழு வசூலையும் வைத்துக்கொள்ளலாம், பாதியைத் தரலாம், வரும் அணிக்கு ஒரு நிச்சயத் தொகையோ பயணச் செலவோ கொடுக்கலாம். முன்பு ஓர் ஆட்டக்காரரைப் பெரிய கிளப்புக்கு விற்றபோது ‘எங்கள் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம் ஆடித்தர வேண்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருப்பதும் உண்டு. பெரிய அணி வந்தால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் வழிகாட்டும் காவலர்கள், முதலுதவிக்காரர்கள் எல்லோரும் அதிகம் தேவைப்படுவார்கள். 400 பெரியவர்கள் ஆளுக்கு 15 பவுண்ட் கொடுத்து வந்தால் வசூல் 6,000. கிளப் வாட் வரிக்குப் பதிவு செய்திருந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1,000 பவுண்ட், வரியாகவே போய்விடும். ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மதுக்கூடம் நன்றாக ஓடும் சின்னக் கிளப்புகள்கூட இந்த வரம்பைத் தொட்டுவிடும். ஆகவே 15 என்பது கொள்ளை விலை இல்லை.

ஆனால் அந்த 15 நியாயமா என்று கேட்க உங்களுக்கு ஓர் இடமும் கிடையாது. பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு இருக்கிறது, அது லீக் ஆட்டத்துக்கு மட்டும். 2025-ல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதன் கண்காணிப்பு மேல் 5 நிலைகளோடு நின்றுவிடுகிறது. ஏழாம் நிலைக் கிளப்பின் ரசிகர் அதற்கும் கீழே. வாரம் தவறாமல் மழையில் நின்று பார்க்கும் ரசிகர்களுக்கு விலை பற்றிப் பேச ஒரு கதவு கூட வைக்காமல் சட்டம் எழுதியிருக்கிறார்கள். இது எரிச்சலூட்டுகிறது. கிளப்பின் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான் உங்களுக்கு இருக்கும் வழி. சின்னக் கிளப்புகளில் அது பலமுறை பலிக்கும் என்பது மட்டும் ஆறுதல்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட முக்கியமான விஷயம்: விளம்பரத்தில் உள்ள ‘லெவன்’ என்ற சொல். கிளப் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் ஒட்டியிருந்தால் வரப்போவது முதல் அணி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 21 வயதுக்கு உட்பட்டோர், பயிற்சிப் பள்ளிப் பையன்கள், காயத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் இருவர், ஒப்பந்தம் தேடி வந்திருக்கும் ‘ட்ரையலிஸ்ட்’ ஓரிருவர் என்று கலந்து வருவார்கள். ஆட்டம் மோசமாக இருக்கும் என்று சொல்லவில்லை, இளையவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். ஆனால் தொலைக்காட்சியில் பார்க்கும் முகங்களுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கண்டுபிடிப்பது எளிது. வரும் கிளப்பின் இணையதளத்தில் ஆட்ட அட்டவணையைத் திறங்கள். உங்கள் ஆட்டம் முதல் அணியின் பட்டியலில் இருக்கிறதா, இளையோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் அணிக்கு அதே நாளிலோ மறுநாளோ வேறு ஊரில் ஆட்டம் இருந்தால் கேள்வியே இல்லை, உங்கள் ஊருக்கு வருவது பையன்கள்தான். வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் இருந்தாலும் அப்படியே. ஐந்து நிமிட வேலை இது, காசு கட்டுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

கிளப் பக்கத்திலேயே வாங்கினாலும் கடைசித் திரையில் கவனம் தேவை. பெரும்பாலான சின்னக் கிளப்புகள் டிக்கெட் விற்பனையை ஏதாவது ஒரு டிக்கெட் நிறுவனத்திடம் விட்டிருக்கும். பெரியவர் இருவருக்கு 30, பிள்ளைகளுக்கு தலைக்கு 5 என்று 10, ஆக 40 பவுண்ட் என்று கூட்டிவைத்திருப்பீர்கள். கடைசித் திரையில் டிக்கெட் ஒன்றுக்கு 1.50 புக்கிங் கட்டணம் சேர்ந்து 46 ஆகும். அதற்குக் கீழே ‘டிக்கெட் பாதுகாப்பு’ என்று 3 பவுண்ட், பக்கத்தில் சின்னக் கட்டம். அதில் முன்பே டிக் போட்டிருந்தால் 49. அவசரத்தில் ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானை அமுக்கினால் போயிற்று 9 பவுண்ட்.

இதில் இரண்டு விஷயங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. தவிர்க்க முடியாத கட்டணத்தை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் திரையில் 15 என்று காட்டிவிட்டுக் கடைசியில் 16.50 ஆக்கக் கூடாது. கூடுதல் கட்டணக் கட்டத்தில் அவர்களே டிக் போட்டுவைப்பதற்கு 2014 முதலே தடை உண்டு. அப்படி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்தப் ‘பாதுகாப்பு’ உங்களுக்குத் தேவையே இல்லை. நோய், விபத்து, கார் பழுது என்று உங்கள் பக்கம் தடங்கல் வந்தால்தான் அது உதவும், அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஆட்டமே ரத்தானால் அது இல்லாமலே பணம் திரும்ப வர வேண்டும்.

இப்போது 24 பவுண்ட் தளம். இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் நிலைக் கிளப்பின் நட்பு ஆட்டத்துக்கு மறுவிற்பனைச் சந்தை என்று ஒன்று இருக்கவே தேவையில்லை. அந்தத் தளத்தில் விற்பவரிடம் பல நேரம் டிக்கெட்டே இருக்காது. நீங்கள் 24 கட்டிய பிறகு அவர் கிளப் பக்கத்துக்குப் போய் 15-க்கு வாங்கி உங்களுக்கு அனுப்புவார். இடையில் டிக்கெட் தீர்ந்துவிட்டால் உங்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்று ஒரு அஞ்சல் வரும். மறுவிற்பனை செய்பவர் டிக்கெட்டின் அசல் விலையையும் அதிலுள்ள கட்டுப்பாடுகளையும் காட்ட வேண்டும் என்று 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த அசல் விலை கண்ணில் படும் இடத்தில் இல்லையென்றால் அங்கேயே பக்கத்தை மூடிவிடுங்கள். கிளப்பின் விதியில் ‘கைமாற்றக் கூடாது’ என்று இருந்தால் அந்த டிக்கெட் வாசலில் செல்லாமல் போகலாம். தொழில்முறை கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994-ன் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. இருந்தும் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

12 பவுண்ட் ஆள் இதைவிட ஆபத்து. நான்கு பேருக்கும் சேர்த்து நீங்கள் அனுப்பப்போவது 48 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். வங்கிப் பரிமாற்றம் கேட்பார். மோசடியில் அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித்தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் கட்டாய விதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் 100 பவுண்ட் வரை கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள். 48-ல் 100-ஐக் கழித்தால் உங்களுக்கு என்ன வரும்? விற்றவர் ஏமாற்றினால் கிரெடிட் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்ற 75-ஆவது பிரிவுப் பாதுகாப்பும் விலை 100 பவுண்டுக்கு மேல் போனால்தான். பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ என்ற வகையில் அனுப்பச் சொன்னால் வாங்குபவருக்கான பாதுகாப்பு அடியோடு கிடையாது, அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். பெரிய தொகைக்கு வேலி மேல் வேலி. சின்னக் கிளப்பின் ஆட்டம் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவரின் 48 பவுண்டுக்கு ஒன்றுமில்லை. ஏமாற்றுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இதே கூட்டத்தின் இன்னொரு வேலை, கிளப்பின் ஃபேஸ்புக் பதிவுக்குக் கீழே ‘ஆட்டம் நேரலையில் இலவசம்’ என்று இணைப்பு போடுவது. கிளப் சின்னமும் இருக்கும், எதிரணிப் பெயரும் சரியாக இருக்கும். அமுக்கினால் ‘பதிவுக்காக’ என்று கார்டு எண் கேட்கும். கார்டு கேட்கும் இலவசத்தை நம்பாதீர்கள். கிளப் உண்மையிலேயே ஒளிபரப்பினால் தன் சொந்தப் பக்கத்தில் தானே அறிவித்திருக்கும்.

வாசலில் வாங்கலாமா என்பதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்: ‘ஆல்-டிக்கெட்’. அறிவிப்பில் அது இருந்தால் வாசலில் விற்பனை கிடையாது, முன்பே வாங்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே வாங்கலாம், புக்கிங் கட்டணமும் மிச்சம். இன்று பல மைதானங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு கொண்டுபோங்கள். பிள்ளைகள் சலுகைக்கு வயது வரம்பு கிளப்புக்குக் கிளப் மாறும்.

இனி ரத்தும் பணம் திரும்புவதும். நட்பு ஆட்டம் நினைத்தபோது ரத்தாகும். எதிரணியில் காயம், மைதானப் பிரச்சினை, இல்லையென்றால் ‘பூட்டிய கதவுக்குள், பார்வையாளர் இல்லாமல் ஆடுகிறோம்’ என்ற முடிவு. அப்போது டிக்கெட் விலை திரும்ப வேண்டும். நீங்களாக மனம் மாறினால் கிடைக்காது. இணையத்தில் வாங்கிய பொருளுக்கு உள்ள 14 நாள் உரிமை, குறித்த தேதியில் நடக்கும் ஆட்டத்துக்குப் பொருந்தாது. எதிர்பார்த்த ஆட்டக்காரர் வரவில்லை என்பதற்கும் கிடைக்காது.

இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. கிளப்பே தன் விளம்பரத்தில் ‘முதல் அணி வருகிறது’ என்று எழுதியிருந்து, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்த வாசகம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது. 2015 சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அப்படியிருக்க இறங்கியது முழுக்க இளையோர் அணி என்றால் விலைக் குறைப்பு கேட்க உங்களுக்கு அடிப்படை இருக்கிறது. நிபந்தனைகளைக் கவனியுங்கள். விளம்பரம் கிளப்புடையதாக இருக்க வேண்டும், ரசிகர் குழுவின் பதிவு போதாது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே அது வந்திருக்க வேண்டும். ‘அணி மாறலாம்’ என்ற வரி அதே இடத்தில் இருந்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். ‘லெவன்’ என்று எழுதியிருந்தாலோ வாதமே நிற்காது, உங்கள் ஆட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்கும் அன்றே விளம்பரத்தைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்தப் பதிவு திருத்தப்பட்டிருக்கும்.

கிளப் பணம் தரவில்லையென்றால் உங்கள் கார்டு வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரச் சொல்லுங்கள். இதற்கு 100 பவுண்ட் வரம்பு இல்லை, டெபிட் கார்டுக்கும் உண்டு. பொதுவாக 120 நாளுக்குள் கேட்க வேண்டும். கார்டில் கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த 12 பவுண்ட் ஆளுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் காத்திருக்க வேண்டாம். 159-ஐ அழையுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அதில் இணைப்பு கிடைக்கும். உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த ஆளின் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேலே சொன்ன 100 பவுண்ட் வரையிலான தொகையை எல்லா வங்கிகளும் கழிப்பதில்லை, உங்கள் வங்கி கழிக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.