கிரிப்டோவைக் காசாகப் புழங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பூ விக்கிற அக்காகிட்டக்கூட இப்ப கியூஆர் அட்டை இருக்குதுங்க. அதே மாதிரி பிட்காயினை வெச்சு மளிகைக் கடையில, பெட்ரோல் பங்குல காசு கொடுக்க முடியுமுங்களா? சட்டத்துல தடை இருக்குதுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பிட்காயின் போன்ற கிரிப்டோவை, அதாவது இணையத்தில் மட்டும் புழங்கும் டிஜிட்டல் காயின்களை, வைத்திருப்பதற்குத் தடை இல்லை. கிரிப்டோ தொழில் செய்பவர்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் ரூபாய் போல இது சட்டப்படி செல்லும் பணம் அல்ல. கடைக்காரர் வேண்டாம் என்றால் நீங்கள் கேள்வி கேட்க முடியாது.

உண்மையான முட்டுக்கட்டை வரிதான். காயினைக் கொடுத்துப் பொருள் வாங்கினால், வருமான வரிக் கணக்கில் அது காயினை விற்றதாகவே ஆகும். 1,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் 1,500 ஆனபின் அதைக் கொடுத்து அரிசி மூட்டை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 500 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீத வரி 150, அதன்மேல் 4 சதவீத செஸ் 6, ஆக 156 ரூபாய். அடுத்த வாரம் வேறொரு காயினில் 500 ரூபாய் நஷ்டம் வந்தாலும் இதில் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. இதைத் தவிர, ஆண்டு வரம்பைத் தாண்டினால் 1 சதவீத டிடிஎஸ் (காயினை வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரி) உண்டு. வரம்பு பொதுவாக 10,000 ரூபாய். காயினை வாங்குபவர் சம்பளக்காரர், சிறு வியாபாரி போன்றவராக இருந்தால் 50,000. பொருளுக்குக் காயின் வாங்கும் கடைக்காரருக்கும் இந்தப் பொறுப்பு வந்து சேரும். டீக்கும் பன்னுக்கும் இத்தனை கணக்கு எழுத யாரால் ஆகும்? உள்ளூர்ச் செலவுக்கு யுபிஐ போதும் என்பதே எங்கள் கருத்து. மின்னஞ்சல், விபிஎன், இணைய முகவரி போன்றவற்றை விற்கும் சில வெளிநாட்டு நிறுவனங்கள் பிட்காயினை நேரடியாக வாங்குகின்றன. பழகிப் பார்க்க அது சரியான இடம்.

கேள்வி: 2,000 ரூபாயில் கிரிப்டோவைக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே வாங்குவது, எப்படி அனுப்புவது, எதில் ஏமாறுவோம் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.
- கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

இந்தியாவில் சேவை தரும் எக்ஸ்சேஞ்சுகள் (காயின் வாங்கி விற்கும் தளங்கள்) மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2023 மார்ச் முதல் உள்ள விதி. பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வாங்கிய காயினை வெளியே அனுப்ப விடுகிறார்களா என்று பாருங்கள். சில ஆப்களில் வாங்கலாம், விற்கலாம். சொந்த வாலெட்டுக்கு (காயினை நாமே வைத்துக்கொள்ளும் ஆப்) எடுக்க முடியாது. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டுப் போனது. காயினை அங்கேயே விட்டுவைத்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் அதை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல்தான். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும் வங்கிக் கணக்கில் ஓர் எழுத்தாகவும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஆதார், பான், வங்கி மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

வாலெட் ஆப்பை அதன் சொந்த இணையதளத்திலுள்ள இணைப்பு வழியாக மட்டும் இறக்குங்கள். திறந்ததும் பெரும்பாலும் 12 ஆங்கிலச் சொற்கள் தரும், வாலெட்டை மீட்கும் சாவி அவைதான். அவை 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை. எந்தச் சொல்லையும் அதன் முதல் 4 எழுத்தை வைத்தே அடையாளம் காணலாம். வரிசை எண்ணோடு இரண்டு தாளில் பேனாவால் எழுதி, வெவ்வேறு இடத்தில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். காசு போடும் முன்பே வாலெட்டை அழித்துவிட்டு, எழுதிய சொற்களால் மீட்டுப் பாருங்கள். அதே முகவரி திரும்ப வந்தால் எழுதியது சரி. இந்தச் சொற்களைக் கேட்டு எந்த நிறுவனமும் போன் செய்யாது, கேட்பவர் திருடர்.

காயினை வாலெட்டுக்கு அனுப்பும் திரையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காயின்) என்றால் எந்த நெட்வொர்க், அதாவது டிரான், எத்தீரியம் போன்றவற்றில் எந்த வழித்தடம் என்று கேட்கும். டிரான் முகவரி ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும். எத்தீரியம் முகவரி பூஜ்ஜியம், எக்ஸ் (0x) என்று தொடங்கும். வாங்கும் பக்கம் எந்த நெட்வொர்க்கோ, அனுப்பும் பக்கமும் அதுவே இருக்க வேண்டும். மாறிப்போனால் பெரும்பாலும் திரும்பாது. டிரானில் வந்த யுஎஸ்டிடியை மறுபடி அனுப்ப வாலெட்டில் கொஞ்சம் டிரான் காயினும் வேண்டும். இல்லாவிட்டால் காசு இருந்தும் நகராது. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். முதலும் கடைசியும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து சும்மா ஒரு பரிவர்த்தனை அனுப்பிப் பட்டியலில் நுழைத்துவைப்பார்கள். நடு எழுத்துகளையும் ஒப்பிட்டுவிட்டு, சிறு தொகையைச் சோதனையாக அனுப்பி, வந்து சேர்ந்தபின் மீதியை அனுப்புங்கள்.

பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவாகும். கட்டணம் தொகையைப் பொறுத்தது அல்ல, நெரிசலைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்ச் வெளியே எடுக்க வாங்கும் கட்டணத்தையும் முன்பே பாருங்கள். 2,000 ரூபாயில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடலாம். சின்னத் தொகைகளுக்கு லைட்னிங் (பிட்காயினை வேகமாக அனுப்பும் துணை நெட்வொர்க்) வசதியுள்ள வாலெட் ஏற்றது. நொடிகளில் போய்ச் சேரும்.

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டுச் சின்ன பையர் ஒருவர் சாம்பிள் ஆர்டருக்கு யுஎஸ்டிடியாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

வாங்காதீர்கள். ஏற்றுமதிப் பணம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக வர வேண்டும். வாலெட்டுக்கு வந்தால் வங்கி அதை ஏற்றுமதி வரவாகக் காட்ட முடியாது. ஷிப்பிங் பில் வரவு வராத பாக்கியாகவே நிற்கும். டிராபேக் (சுங்க வரியைத் திரும்பத் தரும்) சலுகைக்கும் ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கும் பிறகு சிக்கல் வரும். சாம்பிள் தொகை சிறியது என்றாலும் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பி2பி-யில், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியா நேரா இன்னொருத்தருக்கு, யுஎஸ்டிடி விற்றேனுங்க. பணம் வந்து நாலாம் நாள் பேங்க்ல கணக்கை முடக்கிட்டாங்க. வேற மாநில போலீஸ் சொல்லித்தானாம். நான் எந்தத் தப்பும் பண்ணலைங்களே?
- வாசகர், பவானி

உங்களுக்கு வந்தது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்ய, பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளை எல்லாம் நிறுத்துவார்கள். கிளையில் புகார் எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் எண், உரையாடல் படம், வங்கி ஸ்டேட்மென்ட், காயின் கைமாறியதற்கான பரிவர்த்தனை எண் ஆகியவற்றை அந்த அதிகாரிக்கு அனுப்பி, புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். நகராவிட்டால் வக்கீல் மூலம் நீதிமன்றம்தான். இனி விற்பதானால், எக்ஸ்சேஞ்சில் பதிந்த பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாக இருந்தால் காயினை விடுவிக்காதீர்கள். அவசரம் என்று கெஞ்சுவார்கள், அசையாதீர்கள்.

கேள்வி: மாமா ஒரு புதுக் காயினில் சேரச் சொல்கிறார். தினம் 1 சதவீதம் தருகிறார்களாம். ஆள் சேர்த்தால் தனியாகக் கமிஷன்.
- வாசகி, ராசிபுரம்

தினம் 1 சதவீதம் கூட்டு வட்டியில் 1 லட்சம் ஒரே வருடத்தில் 37 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தொழிலும் அப்படித் தராது. பெருந்துறை ஈமு கோழிப் பண்ணையில் 2012-ல் பணம் இழந்த குடும்பங்கள் இன்றும் நம் பக்கத்தில் இருக்கின்றன. மாமா முன்பே போட்டிருந்தால், மேலும் ஆள் சேர்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டவர்கள் மீதும் வழக்கு வரும். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரத்தோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: டிஜிட்டல் ரூபாயும் கிரிப்டோதானே?
- வாசகர், தாராபுரம்

இல்லை. அது ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம். பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1-ல் தொடங்கியது. விலை ஏறி இறங்காது, வட்டியும் கிடையாது. அதைத் தரும் வங்கிகளின் ஆப்பில் ஏற்றிக்கொண்டு, கடையிலுள்ள அதே யுபிஐ கியூஆரை ஸ்கேன் செய்து கொடுக்கலாம்.