சிவப்பு டேப் ஒட்டிய டப்பா

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம். பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிய இஸ்ரேல்காரரை மணந்தேன். நான் மதம் மாறவில்லை. எங்களைப் போன்ற ஜோடிக்கு இஸ்ரேலில் திருமணம் செய்து வைக்க மாட்டார்கள் என்பதால் சைப்ரஸ் போய்ப் பதிவு செய்துகொண்டோம். ஐந்து வருடமாக பீர்ஷெபாவில் இருக்கிறோம். குழந்தை இன்னும் இல்லை. கணவர் குடும்பம் கொச்சி யூதர்கள். மாமியார் மட்டாஞ்சேரியில் பிறந்து, 1954-ல் சிறுமியாகப் பெற்றோருடன் இங்கே வந்தவர். என்னோடு மலையாளத்தில்தான் பேசுவார். இரண்டு வருடத்துக்கு முன் மாமனார் இறந்தார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமியார் இருக்கும் மோஷாவுக்கு (கூட்டுறவு விவசாயக் கிராமம்) போய்விட்டு சனி இரவுதான் திரும்புகிறோம். எங்களுக்கு வார விடுமுறையே அந்த இரண்டு நாள்தான். வெள்ளி மாலை ஷபாத் (யூதர்களின் ஓய்வு நாள்) விளக்கேற்றிய பிறகு கார் எடுக்கக் கூடாது, போன் தொடக் கூடாது, டிவி கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள் எய்ன் கெதி, ராமோன் பள்ளத்தாக்கு, எய்லாத் என்று சுற்றுகிறார்கள். பிப்ரவரியில் பக்கத்திலேயே சிவப்பு அனிமோன் பூத்துக் கிடக்கும். அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மாமியார் கெட்டவர் இல்லை. எனக்கென்று சிவப்பு டேப் ஒட்டிய தனி டப்பாக்களில் சாப்பாடு கட்டித் தருவார், அவற்றைத் தன் பாத்திரங்களோடு சேர்க்க மாட்டார். அம்மா அனுப்பும் இட்லிப்பொடியும் ஊறுகாயும் இருப்பதால் எங்களுக்கு அது தேவைப்படாது. கணவரும் மதியம் வெளியே சாப்பிடுகிறார். ஞாயிறு காலை கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதெல்லாம் சின்ன விஷயம். இனிமேல் மாதம் ஒருமுறைதான் வருவோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கணவரின் அக்காக்கள் இருவரும் ஹைஃபாவில். கணவரோ, "நான் சொன்னால் அம்மா அழுவார், நீயே சொல்லு" என்கிறார்.
– பெயர் வேண்டாம், பீர்ஷெபா

பதில்: மாதம் ஒருமுறையா இரண்டு முறையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டுப் போன இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஞாயிறு காலை கொட்டிவிடுகிறீர்கள்.

வாராவாரம் மாமியார் வீடு என்ற புலம்பல் எனக்கு மதுரையிலிருந்தும் வருகிறது, டொராண்டோவிலிருந்தும் வருகிறது. உங்களுக்கும் ஓய்வு வேண்டும், உங்கள் வாழ்க்கையும் முக்கியம் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஓய்வு வேண்டும்தான், சரி. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்போது நான் எதற்கு?

அந்த டப்பாவில் இருப்பதை அவர் எப்போது சமைத்தார் என்று யோசித்தீர்களா? ஷபாத் தொடங்கிவிட்டால் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, எதையும் புதிதாகச் சமைக்கக் கூடாது. வெள்ளி இரவுக்கும், சனி மதியத்துக்கும், சனி சாயங்காலத்துக்கும் வேண்டியதெல்லாம் வெள்ளி பொழுது சாய்வதற்குள் முடிந்தாக வேண்டும். டிசம்பரில் உங்கள் ஊரில் நாலரைக்கு முன்பே விளக்கேற்றும் நேரம் வந்துவிடும். எழுபது வயது தாண்டிய ஒருவர் வியாழக்கிழமையே மீன் கழுவி, சின்ன வெங்காயம் உரித்து, மாவு பிசைந்து வைத்தால்தான் இது நடக்கும். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதால் கோழிக்குழம்புக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிற வீடு அது. அங்கே உட்கார்ந்து நாகர்கோவில்காரி நீங்கள் அந்த ருசி அந்நியமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? ராத்திரி முழுக்கச் சூட்டுத் தட்டில் கிடக்கிற ஹமீன் என்ற ஷபாத் சாப்பாடு வேறு. இந்த மூன்று வேளைக்கு மேல் இன்னொரு பங்கு ஆக்கி எடுத்து வைக்கிறார். அங்கே ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்க மருமகளுக்குத் தெம்பு இருக்காது என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். அந்த நினைப்பைத்தான் காலையில் குப்பையில் கொட்டுகிறீர்கள்.

உங்கள் அம்மா அனுப்பும் பொடியைக் கொட்டுகிறீர்களா? இல்லை, வைத்து வைத்துச் சாப்பிடுகிறீர்கள். ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அதற்குள் ஒரு தாய் கொடுத்தது தங்குகிறது, இன்னொரு தாய் கொடுத்தது ஒரு ராத்திரி தாண்டுவதில்லை. இதில் இடப் பற்றாக்குறை எங்கே இருக்கிறது?

இனி அந்தச் சிவப்பு டேப். நீங்கள் அதை எழுதிய விதத்தில் ஒரு குத்தல் இருக்கிறது. தனிக்குவளை வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். தனி டப்பா என்றதும் சுருக்கென்றிருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் ஆகியும் அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாததற்குக் குறை சொல்வேன். அங்கே பல வீடுகளில் இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு, பால் பாத்திரத்துக்கு நீலம் என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். உங்கள் டப்பாவில் ஒட்டியதும் அதுபோல ஒரு அடையாளம்தான். உங்கள் சமையலறையில் பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் புழங்கும். அங்கே போய்வந்த டப்பா அவர் பாத்திரங்களோடு கலந்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த கோஷர் என்ற யூத உணவு ஒழுங்கு குலையும். இந்த நிலையில் வேறொருவராக இருந்தால் உங்களுக்குக் கொடுத்தனுப்புவதையே நிறுத்தியிருப்பார். இவர் உங்களுக்காகவே இன்னொரு செட் டப்பா வாங்கி வைத்தார். அவர் மேஜையில் உங்களுக்குத் தனித் தட்டு வைத்திருந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே அது வந்திருக்கும். வரவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கசந்தாலும் கேளுங்கள். யூத மதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். உங்களுக்கு நாளை குழந்தை பிறந்தால், அவர் பாட்டியாக மடியில் வைத்துக் கொஞ்சுவார், ஆனால் அவருடைய மதக் கணக்கில் அது சேராது. கொச்சியில் பல நூற்றாண்டு காலம் சின்னஞ்சிறு சமூகமாக இருந்து எதைக் காப்பாற்றினார்களோ, அது அவர் மகன் வழியில் நின்றுபோகும். இது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வெள்ளிக்கிழமை உங்களுக்கும் சேர்த்து அரிசி களைகிறார். சைப்ரஸ் போய் வந்ததைப் பற்றி அவர் உங்களிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை.

பீர்ஷெபா தெருக்களில் குப்பைத் தொட்டிக்கு வெளியே பழைய ரொட்டி போட்ட பைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மதப்பற்று அதிகமில்லாதவர்கள்கூட ரொட்டியைக் குப்பையோடு சேர்த்துப் போட மனம் வராமல் அப்படி மாட்டிவைக்கிறார்கள். முற்றுகையிட்ட ஊரிலும் கனிமரத்தை வெட்டாதே என்று உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில் நீங்களும் வாசித்திருப்பீர்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்ற யூத விதியை ரபிகள் (யூத மத அறிஞர்கள்) அதிலிருந்துதான் எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் வாராவாரம் முழுச் சாப்பாட்டைக் கொட்டுகிறீர்கள்.

கொட்டுவதைவிட எனக்கு உறுத்துவது அடுத்து நடப்பது. கழுவிய டப்பாவை நீட்டும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்பார். நன்றாக இருந்தது என்றுதானே சொல்வீர்கள்? அதை நம்பி அடுத்த வாரம் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறார். இத்தனை வருடத்தில் உங்களுக்கு எது பிடிக்கும், எவ்வளவு போதும் என்பதைக்கூட அவரிடம் உண்மையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் என்றோ சொல்லியிருப்பீர்கள். ஒரு கரண்டிக் குழம்பு வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவர், நேரே போய் மாதம் ஒருமுறைதான் வருவோம் என்று சொல்லப் போகிறீர்களாம். அது அவர் தலையில் இடி மாதிரி விழும். அவர் அழத்தான் செய்வார்.

ஆகவே முதலில் டப்பா. இந்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னதாகப் போங்கள். விளக்கேற்றுவதற்கு முன் அடுப்படியில் அவர் பக்கத்தில் நின்று, "அம்மா, இவ்வளவு எங்களால் சாப்பிட முடியவில்லை, வீணாகிறது, மீன் மட்டும் கொஞ்சம் கொடுங்கள் போதும்" என்று சொல்லுங்கள். இதுவரை கொட்டியதையெல்லாம் ஒப்பிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைக்க அந்த அம்மாவின் மனதை உபயோகிக்காதீர்கள். அவர் கொடுப்பதை ஞாயிறு இரவு கணவரை உட்காரவைத்து இரண்டு பேரும் சாப்பிடுங்கள். மீந்தால் யாருக்காவது கொடுங்கள். பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் பசித்த மாணவர்களுக்கா பஞ்சம்?

வெளியே போவதைப் பற்றி. விடுமுறை இரண்டு நாளும் போய்விடுகிறது என்பது கணக்குப்படி சரியில்லை. கோடையில் விளக்கேற்ற ஏழு மணி தாண்டும். வெள்ளி விடியற்காலை கிளம்பினால் ராமோனுக்கு ஒரு மணி நேரம், எய்ன் கெதிக்கு ஒன்றரை மணி நேரம். வெள்ளியன்று இயற்கைக் காப்பகங்களைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்பதும் வசதிதான், நாலு மணிக்கெல்லாம் மோஷாவில் இருப்பீர்கள். பூக்கள் குளிர்காலத்தில் காலை வெயிலில்தான் பார்க்க நன்றாக இருக்கும், அதற்கு அரை நாள் போதும். எய்லாத் 200 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மட்டும் தனியாக லீவு போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்காத வரி ஒன்று உண்டு. அவரை எங்கேயாவது அழைத்துப் போனோம் என்ற வரி. கணவரை இழந்த இந்த இரண்டு வருடத்தில் அவர் அந்த மோஷாவை விட்டு எத்தனை தரம் வெளியே வந்தார்? நாலு சுவருக்குள் அலுத்துப்போவது உங்களுக்கு மட்டும்தானா? பெசாக் (பஸ்கா), சுக்கோத் (கூடாரப் பண்டிகை) இரண்டிலும் நடுவில் வருகிற நாட்களில் கார் ஓட்டலாம், பயணம் போகலாம். பாதி நாடே அப்போது வெளியில்தான் இருக்கும். அதில் ஒரு நாள் ஜெருசலேமுக்குக் கூட்டிப் போங்கள். இஸ்ரேல் மியூசியத்தில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலையைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஊர்ச் சொத்து அது. மழை ஓயாத கொச்சியிலிருந்து வந்து நெகேவ் பாலைவன மண்ணில் பயிர் செய்த தலைமுறையின் பெண் அவர். சின்ன வயதில் பார்த்தது ஏதாவது நினைவிருக்கிறதா என்று அங்கே நின்று கேளுங்கள். சாப்பாடு அவரே கட்டிக்கொண்டு வருவார், அதை மிச்சம் வைக்காதீர்கள்.

மாதத்தில் ஒரு ஷபாத்தை உங்களுக்கென்று கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். ஒன்றை விட்டுக் கேட்பது வேறு, மூன்றை விட்டு ஒன்றுக்குப் போவது வேறு. இரண்டாவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மாமனார் போன பிறகு அந்த மேஜையில் திராட்சை ரசக் கோப்பையைத் தூக்கி கிதுஷ் என்ற ஆசீர்வாத ஜெபம் சொல்கிறவர் உங்கள் கணவராகத்தான் இருப்பார். பெண் தானே சொல்லிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் இரண்டு ரொட்டியைத் துணி போட்டு மூடி வைத்து, ஒற்றை ஆளாகச் சொல்லி, ஒற்றை ஆளாகக் குடித்துவிட்டுப் படுக்கப் போவதை மாதத்தில் மூன்று வாரம் ஒரு தாய்க்கு விதிக்க யாருக்கும் உரிமை கிடையாது. பல யூத வீடுகளில் வெள்ளி இரவு மேஜையைச் சுற்றி நின்று நீதிமொழிகள் 31 பாடுவார்கள். குணசாலியான ஸ்திரீயைப் பற்றி உங்கள் சபையிலும் வாசிக்கிற அதே பகுதிதான். அது பாட ஆள் வேண்டும். நீங்கள் போகாத அந்த ஒரு வாரம் ஹைஃபாவில் இருக்கும் மகள்களில் ஒருத்தி வரட்டும், அல்லது அவரை அங்கே அழைத்துக்கொள்ளட்டும். பெற்றவளைப் பார்ப்பது கடைசிப் பையனின் மனைவிக்கு மட்டும் எழுதிவைத்த வேலை இல்லை. முறை போடுவதும் தம்பியின் வேலைதான், அக்காக்களுக்கு அவரே போன் செய்யட்டும்.

அப்புறம் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். "நான் சொன்னால் அழுவார், நீயே சொல்லு" என்கிற ஆண்களை எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் போய்ச் சொன்னால் அந்த அம்மா அழ மாட்டாரா? அழுவார், ஆனால் வந்தவள் பிள்ளையைப் பிரித்தாள் என்று அழுவார். அந்தப் பழியை உங்கள் தலையில் வைத்துவிட்டு மகன் நல்லவனாக இருந்துகொள்வார். இதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது. அவர் சொல்லட்டும், தாயின் அழுகையைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே பார்க்கட்டும். நீங்கள் கூட இருங்கள், பேசாமல் இருங்கள்.

இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழ் புரியாவிட்டால் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொல்லுங்கள், டப்பா விஷயத்தையும் மறைக்காமல். அதை அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அவர் தாய் சமைத்தது அது. அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.