முகத்துக்கு முன் முடியைப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை கடிதங்கள் அதிகம். ஒரே கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடி சுருட்டையா, கோரையா, அடர்த்தியா, மெலிந்ததா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்று சென்ற முறையே கெஞ்சியிருந்தேன். பலன் பூஜ்யம்.

என் முகம் வட்டம். எந்த ஹேர்கட் பொருந்தும்?
வாசகி, ஈரோடு

முகம் வட்டம், சரி. முடி? எவ்வளவு நீளம், சுருளுமா, தினமும் எண்ணெய் வைப்பீர்களா, ஒன்றும் இல்லை. இருப்பதை வைத்துச் சொல்கிறேன். வட்ட முகத்தில் கன்னம்தான் அகலமான இடம். வெட்டு கன்னத்துக்கு நேராக வந்து நின்றால் அகலத்தோடு அகலம் சேரும். எனவே தாடையைத் தாண்டி இரண்டு அங்குலமாவது இறங்கட்டும். உச்சியில் கொஞ்சம் உயரம் இருக்கலாம். காதோரம் புசுபுசுவென்று நிற்கக் கூடாது. கத்தரியைத் தேடிப் போவதற்கு முன் நேர் வகிட்டைக் கோண வகிடாக மாற்றி ஒரு வாரம் பாருங்கள். காசு செலவில்லை. சிலருக்கு அதுவே போதும்.

முக வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செல்ஃபியில் ஒரு மாதிரி இருக்கிறது, கண்ணாடியில் வேறு மாதிரி இருக்கிறது.
வாசகர், திருநெல்வேலி

செல்ஃபியை நம்பாதீர்கள். கையெட்டும் தூரத்தில் கேமரா மூக்கைப் பெரிதாக்கிக் காதுப் பக்கத்தை ஒடுக்கிவிடும். தையல் டேப்பை எடுங்கள். நெற்றி அகலம், கன்ன எலும்பு அகலம், தாடை அகலம், முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை நீளம். நீளமும் கன்ன அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து தாடை வளைந்தால் வட்டம். தாடை முனை துருத்தினால் சதுரம். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு என்றால் முட்டை வடிவம், அதையும் மிஞ்சினால் நீள முகம். நெற்றி அகன்று முகவாய் கூர்ந்தால் இதய வடிவம். பெரும்பாலோர் இரண்டு வடிவங்களுக்கு நடுவில்தான் இருப்பார்கள். அரை அங்குல வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சுருட்டை முடி, அடர்த்தி அதிகம், சதுர முகம். பாரத்தைக் குறைக்கச் சொன்னேன். பார்லரில் தின்னிங் கத்தரியால் தலை முழுக்க வெட்டிவிட்டார்கள். முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து இப்போது தலை முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. என்ன செய்வது?
வாசகி, சென்னை

கேட்க வேண்டியதை ஒழுங்காக எழுதிய ஒரே கடிதம். எரிச்சல் உங்கள் மேல் இல்லை, அந்தக் கத்தரியின் மேல்தான். அதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

தின்னிங் கத்தரியின் ஓர் அலகு பல் பல்லாக இருக்கும். கற்றையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினால் ஒரு பங்கு முடி அறுபடும், மீதி அப்படியே நிற்கும். கோரை முடியில், நுனியில், அளவோடு போட்டால் நல்ல கருவிதான். கிராப்பின் ஓரங்களை இழைக்க அதைத்தான் எடுக்கிறோம். சுருட்டை முடியில் வேருக்குப் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. அறுபட்ட முடி ஓர் அங்குலம் வளர்ந்ததும் அதைக் கீழே இழுக்கப் பாரம் கிடையாது. தன் இஷ்டத்துக்குச் சுருண்டு, மேலே கிடக்கும் நீள முடியை உள்ளிருந்து தூக்கும். மெத்தைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் ஆகிவிடும். மேலும், ஒரு சுருள் என்பது பல முடிகள் சேர்ந்து ஒரே போக்கில் வளைவது. அதில் பாதியை நடுவில் அறுத்தால் சேர்க்கை கலைந்து பரட்டையாகிறது.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? நேரம். கற்றை கற்றையாகப் பிரித்து, ஒவ்வொரு சுருளும் எங்கே விழுகிறது என்று பார்த்து வெட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். தின்னிங் கத்தரிக்குப் பத்து நிமிடம் போதும். தரையில் குவியும் முடியைப் பார்த்து வாடிக்கையாளருக்கும் திருப்தி. இரண்டு மாதம் கழித்துத் தலை வீங்கும்போது பழி உப்புத் தண்ணீர் மேல் விழும். கையோடு, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் பில்லும் வரும்.

இனி அந்தக் கத்தரி உங்கள் தலையில் படக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சாக இதைச் சொல்லுங்கள். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும் என்று வைத்தால், உள்முடி தோளை எட்ட ஒன்றரை வருடமாவது ஆகும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி மட்டும், அதுவும் உலர்ந்த முடியில். ஈரத்தில் மூக்குவரை தொங்கும் சுருள், காய்ந்ததும் புருவத்துக்கு ஏறிவிடும். சதுர முகத்துக்கு வெட்டு தாடைக்கு நேராக நிற்க வேண்டாம். முகவாய்க்குக் கீழே தொடங்கும் நீள லேயர், அதாவது அடுக்கடுக்கான வெட்டு, போதும். தாடை முனையை உங்கள் சுருளே மறைத்துக்கொள்ளும்.

மகளுக்குப் பத்து வயது. நெற்றி அகலம். முன்முடி வெட்டிவிடலாமா? பள்ளியில் இரட்டைப் பின்னல் கட்டாயம்.
ஒரு தாய், கும்பகோணம்

வேண்டாம். காலையில் எண்ணெய் தடவிப் பின்னும் தலையில், முதல் மணி அடிப்பதற்குள் முன்முடி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் கிளிப் குத்தச் சொல்வார்கள். அது வளர்ந்து பின்னலில் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கோண வகிடு எடுத்து முன்பக்கத்தைத் தளர்வாக வாருங்கள். இறுக்கி இழுத்தால் நெற்றி இன்னும் அகன்று தெரியும். வருடக்கணக்கில் அப்படியே இழுத்தால் காதோர முடி உதிர்ந்து, திரும்ப வராமலும் போகலாம். பத்து வயதுப் பிள்ளை தன் நெற்றியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்காது. இது வீட்டில் யார் எழுப்பிய பேச்சு என்று ஊகிக்க முடிகிறது.

வயது 19. நீள முகம். பக்கங்களில் ஜீரோ மெஷின் போட்டு, மேலே உயர்த்தி வாரலாமா?
வாசகர், சேலம்

முகம் இன்னும் நீளும், தம்பி. அது வட்ட முகத்துக்கான வைத்தியம். பக்கங்களில் நான்காம் நம்பர் போடச் சொல்லுங்கள், ஒன்றேகால் சென்டிமீட்டர் நிற்கும். மேல்முடியைப் பக்கவாட்டில் படிய வாருங்கள். தாடி வைப்பதானால் முகவாயில் குறைத்துக் கன்னத்தில் விடுங்கள்.

உச்சியில் இரட்டைச் சுழி. எப்படி வெட்டினாலும் ஒரு கொத்து நிமிர்ந்து நிற்கிறது.
வாசகர், திண்டுக்கல்

இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. முடிக்கு இரண்டே வழி. ஒட்ட வெட்டுங்கள், அல்லது தன் பாரத்தில் படியும்படி மூன்று அங்குலமாவது விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விடுவதால்தான் நிமிர்கிறது. ஈரத்தில் சீவிவிட்டால் சுழி தெரியாது. வெட்டுபவர் தண்ணீர் தெளிக்கும் முன்பே விரல் வைத்துக் காட்டுங்கள்.

பழனியில் முடி இறக்கி மூன்று மாதம் ஆகிறது. அடர்த்தியாக வளரும் என்றார்களே?
வாசகர், கோவை

வளராது. வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி மேலோடு போகிறது. பிடரியையும் காதோரத்தையும் மட்டும் மாதாமாதம் திருத்திக்கொண்டு மற்றதை வளர விடுங்கள்.

ஏறுநெற்றி. காதோர முடியை நீளமாக வளர்த்து மேலே சீவி மறைக்கிறேன். வேறு வழி உண்டா?
வாசகர், புதுச்சேரி

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்வரைதான் அந்த மறைப்பு. தலை முழுக்க இரண்டாம் நம்பர், கொஞ்சம் தாடி. முடிந்தது.

வயது 58. முடி மெலிந்துவிட்டது. லேயர் வெட்டினால் நிறைவாகத் தெரியுமா?
வாசகி, திருச்சி

இருக்கும் நுனியும் மெலியும். தோளுக்குச் சற்று மேலே, ஒரே நீளத்தில், நேர்வெட்டு. தினம் நூறு முடிவரை உதிர்வது இயல்பு. திடீரென்று கொத்தாகக் கொட்டினால் பார்லருக்கு அல்ல, தோல் மருத்துவரிடம் போங்கள்.

பத்து நாளில் கல்யாணம். இதய வடிவ முகம். முன்முடியும் லேயரும் வெட்டிக்கொள்ள ஆசை.
வாசகி, தஞ்சாவூர்

இப்போது நுனி மட்டும். சோதனையெல்லாம் மறுவீட்டுக்குப் பிறகு. சவுரி வைத்துப் பின்னப் போகும் தலைக்கு லேயர் எதற்கு? குட்டை முடி பின்னலுக்குள் நிற்காமல் ஆங்காங்கே பிய்த்துக்கொண்டு வரும். ஜடையைப் படம் எடுக்க உங்களைத் திரும்பச் சொல்வார்களே, அப்போது நன்றாகத் தெரியும்.