படிப்பும் வசதியும் இல்லாமல் கஷ்டப்படுகிற ஒருவரை நற்செய்தி சொல்ல ஆண்டவர் பயன்படுத்துவாரா?

நிச்சயம் பயன்படுத்துவார். நான் விசுவாசத்துக்குள் வந்ததே அப்படிப்பட்ட ஒருவர் மூலமாகத்தான். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ கஷ்டத்தில் இருந்துகொண்டு 'இந்த நிலைமையில் நான் யாருக்கு என்ன சொல்வது' என்று தயங்குகிறீர்கள் போலத் தெரிகிறது.

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த காலம். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அப்போது எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. அடுத்த கட்டிலில் ஓர் அக்கா. வீட்டு வேலை செய்து பிழைத்தவர், கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், துணைக்கு ஆள் இல்லை. ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். தலைமாட்டில் எப்போதும் ஒரு பைபிள் இருக்கும், ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் என்னிடம் அதை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் வாசிப்பா" என்றார். மறுக்க மனம் வரவில்லை. 121-ஆம் சங்கீதம். மெஷின் இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாக வாசித்தேன். எதிர்க் கட்டிலில் இருந்தவர், "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க" என்றார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அக்காவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

'நோயாளிகளிடம் மதம் பரப்புகிறார்கள்' என்று சிலர் கிளம்புவார்கள். மதம் மாறு என்று அந்த அக்கா யாரிடமும் சொன்னதில்லை. தன் ஆறுதலுக்காகத்தான் வாசிக்கச் சொன்னார். அந்த நோயை ஆண்டவர்தான் கொடுத்தார் என்றும் நான் சொல்ல வரவில்லை.

வேதத்திலும் இதைத்தானே பார்க்கிறோம்? குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமான் சுகமாக, எலிசா தீர்க்கதரிசியைப் பற்றி அவன் மனைவியிடம் சொன்னது, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி. அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. நற்செய்தி சொன்ன பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணச் சிறையில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டிக் கிடந்தார்கள். அன்றிரவே சிறைக்காரன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். பின்னாளில் அயர்லாந்தில் ஊழியம் செய்த புனித பேட்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் கடத்தப்பட்டு அயர்லாந்தில் 6 ஆண்டுகள் அடிமையாக மந்தை மேய்த்தவர். தப்பித்துப் போனவர், பிறகு அதே மக்களிடம் நற்செய்தியோடு திரும்பி வந்தார். அந்த மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் அவருக்குப் பழக்கியது அந்த அடிமைக் காலம்தான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல சபைகளில் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல மைக் கிடைப்பது யாருக்கு? சுகமானவர்களுக்கு, வீடு கட்டியவர்களுக்கு, வெளிநாட்டு விசா கிடைத்தவர்களுக்கு. இன்னும் சுகமாகாதவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அந்த அக்கா கடைசிவரை சுகமாகவில்லை, அதே சிகிச்சையில் இருக்கும்போதே இறந்துபோனார். அப்படிப்பட்டவர்களையும் பேச அழையுங்கள் என்று நான் போகும் சபையில் பலமுறை கேட்டுவிட்டேன். "பார்க்கலாம் பிரதர்" என்கிறார்கள். இன்றுவரை ஒருவரைக்கூட அழைக்கவில்லை.