பழைய கோ-ஆப் வீடு: 3,40,000 டாலர்தானா அதன் விலை?

கேள்வி: நியூயார்க் குயின்ஸில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கோ-ஆப் (கூட்டுறவு) வீடு பார்த்திருக்கிறோம். 1957-ல் கட்டிய ஏழு மாடிக் கட்டடம், 110 வீடுகள். இரண்டு பெட்ரூம், விலை 3,40,000 டாலர், மாத மெயின்டனன்ஸ் 1,150. பக்கத்துத் தெருவில் புது காண்டோ (வீடே நேரடியாக நம் பெயருக்கு வரும் அடுக்குமாடி) 5,60,000 சொல்கிறார்கள். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,55,000. கையிருப்பு 1,30,000, அதில் 35,000 டாலர் அளவுக்குச் சென்னை வங்கியில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட். மகனுக்கு இரண்டு வயது. நாலைந்து வருடத்தில் வேலை விஷயமாக டெக்சாஸ் போனாலும் போவோம். கோ-ஆப்பின் ஆண்டறிக்கையை புரோக்கர் அனுப்பியிருக்கிறார்: கட்டடத்தின் பேரில் 60 லட்சம் டாலர் கடன், வட்டி 3 சதவீதம், 2027-ல் தவணை முடிகிறது, ரிசர்வ் ஃபண்ட் 2,40,000. மொத்தப் பங்குகள் 40,000, எங்கள் வீட்டுக்கு 400. வாங்கலாமா?

பதில்: ஏழெட்டு வருடம் இருப்பீர்கள் என்றால் வாங்கலாம், அதுவும் கீழே சொல்லும் காகிதங்கள் சரியாக இருந்தால். நாலு வருடத்தில் கிளம்புவது பாதிக்குப் பாதி உறுதி என்றால் வாடகை வீட்டிலேயே இருங்கள்.

முதலில் விலை. கோ-ஆப்பில் உங்கள் பெயருக்கு வருவது பங்குகள்தான். கட்டடம் நிறுவனத்துடையது, அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை ப்ரொப்ரைட்டரி லீஸ் மூலம் உங்களுக்குக் கிடைக்கிறது. எனவே நிறுவனத்தின் கடனிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. 40,000-ல் 400 என்றால் ஒரு சதவீதம்; 60 லட்சத்தில் அது 60,000 டாலர். ஆக, நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் தொகை 4,00,000. காண்டோவோடு ஒப்பிட வேண்டுமானால் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். அப்போதும் கோ-ஆப்தான் மலிவு, ஆனால் விளம்பரம் காட்டும் அளவுக்கு இல்லை.

இதைவிட முக்கியம் 2027. இந்த மாதிரிக் கடன்களில் பெரும்பாலும் வட்டியை மட்டும்தான் கட்டிவருவார்கள். தவணை முடியும்போது அசல் அப்படியே நிற்கும், புதுக் கடன் எடுத்து அடைப்பார்கள். புதுக் கடன் 6 சதவீதத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வட்டி ஆண்டுக்கு 1,80,000. உங்கள் ஒரு சதவீதம் 1,800, அதாவது மெயின்டனன்ஸில் மாதம் 150 ஏறும். 1,150 என்று கணக்குப் போடாமல் 1,300 என்று போடுங்கள். மறுகடனுக்கு எந்த வங்கியோடு பேசுகிறார்கள், கூடவே பராமரிப்புக்கும் சேர்த்து வாங்கப்போகிறார்களா என்பதைக் கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரிசர்வ் 2,40,000 என்பது 110 வீட்டுக்கு மெலிந்த பணம். ஒரு வீட்டுக்கு 2,200 டாலர்கூட வரவில்லை. 1957 கட்டடத்தில் பாய்லர், கூரை, லிஃப்ட், வெளிச்சுவர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் வரிசையில் நிற்கும். ரிசர்வ் போதாதபோது போர்டு (கோ-ஆப்பின் நிர்வாகக் குழு) பங்குதாரர்களிடம் அசெஸ்மென்ட், அதாவது கூடுதல் வசூல், போடும். 8 லட்சம் டாலர் வேலை வந்தால் உங்கள் பாகம் 8,000.

என்ன வேலை வரப்போகிறது என்பதை ஓரளவு முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவரைச் சோதித்து நகரக் கட்டடத் துறையில் அறிக்கை தர வேண்டும். லோக்கல் லா 11 என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பத்தாவது சுற்று 2025 பிப்ரவரியில் தொடங்கியிருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு எந்த வருடம் கெடு என்பது பிளாக் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. துறையின் டி.ஓ.பி. நவ் தளத்தில் முகவரி போட்டால் முந்தைய அறிக்கை தெரியும். ‘சேஃப்’ என்றிருந்தால் நல்லது. ‘ஸ்வார்ம்ப்’ என்றிருந்தால், இப்போது ஆபத்தில்லை, குறிப்பிட்ட தேதிக்குள் பழுது பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த வேலையை முடிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனால் ‘அன்சேஃப்’ ஆகிவிடும். நடைபாதையின் மேல் மரப்பந்தல் ஏறும். பந்தல் ஏறிய பிறகு அதன் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் அது வருடக்கணக்கில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது லோக்கல் லா 97. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கார்பன் வரம்பு உண்டு. 2030-ல் அது இறுகுகிறது. வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். எண்ணெயில் ஓடும் நீராவி பாய்லர் இருந்தால் 2030-க்குள் பெரிய செலவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாசலில் ஒட்டியிருக்கும் எரிசக்தி மதிப்பெண்ணை (ஏ முதல் டி வரை எழுத்தில் இருக்கும்) பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை வேறு. காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்பு நீர் வந்தாலோ, சுடுதண்ணீரின் வேகம் மட்டும் குறைந்திருந்தாலோ, பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். மேலிருந்து கீழே போகும் பொதுக் குழாயை மாற்றுவது பொதுவாகக் கட்டடத்தின் செலவு. அதிலிருந்து உங்கள் குளியலறைக்குப் பிரியும் குழாய் யார் பொறுப்பு என்பதை ப்ரொப்ரைட்டரி லீஸ்தான் சொல்லும். மின்சாரப் பெட்டி எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், இரண்டு ஏ.சி.யும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பழைய இணைப்பு தாங்காது. நியூயார்க் நகரம் வீடுகளுக்கு ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது 1960-ல். இந்தக் கட்டடம் அதற்கு முந்தையது. இரண்டு வயதுப் பிள்ளை இருப்பதால் ஜன்னல் சட்டங்களையும் கதவு நிலைகளையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். உரசலில் தூள் கிளம்புவது அங்கேதான். கேஸ் குழாய்ச் சோதனை நாலு வருடத்துக்கு ஒருமுறை. கசிவு தெரிந்தால் மொத்த லைனையும் மூடிவிடுவார்கள், மாதக்கணக்கில் மின் அடுப்புதான். கடைசிச் சோதனை எப்போது என்று கேளுங்கள்.

இனி உங்கள் பணம். 20 சதவீதம் முன்பணம் 68,000. மீதி 2,72,000-க்கு 6.5 சதவீதத்தில் 30 வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 1,720. மெயின்டனன்ஸ் 1,300 சேர்த்து 3,020. மொத்தச் சம்பளத்தில் 23-24 சதவீதம். கார் கடன் போன்ற வேறு தவணை இல்லையென்றால் பெரும்பாலான போர்டுகள் இதை ஏற்கும். சிக்கல் கையிருப்பில். வாங்கி முடித்த பிறகு ஒன்று முதல் இரண்டு வருடத் தவணையும் மெயின்டனன்ஸும் ரொக்கமாக இருக்க வேண்டும் என்று பல போர்டுகள் எதிர்பார்க்கும். இங்கே உள்ள 95,000-ல் முன்பணமும், வக்கீல், வங்கி, போர்டு கட்டணங்களுக்கு 9,000-மும் போனால் மிஞ்சுவது 18,000. ஆறு மாதம்தான் தாங்கும். இந்தியாவிலுள்ள டெபாசிட்டை போர்டு கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். என்.ஆர்.இ. பணத்தை எடுத்துவரத் தடையில்லை. விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே கொண்டுவந்து இங்குள்ள கணக்கில் உட்கார வையுங்கள். அப்போது 53,000, பதினேழு மாதத்துக்கு வரும். போர்டு உங்கள் வரித் தாக்கலையும் கேட்கும் என்பதால், அந்த டெபாசிட்டின் வட்டியை இங்கே காட்டியிருக்க வேண்டும், எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை) தாக்கலும் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் சி.பி.ஏ.வை (கணக்காளரை) பாருங்கள். காண்டோவுக்கு 20 சதவீதமே 1,12,000. அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கோ-ஆப்பில் ஒரு லாபமும் இருக்கிறது. மார்ட்கேஜ் பதிவு வரி கிடையாது. இதே கடனைக் காண்டோவுக்கு வாங்கினால் 1.8 சதவீதம், சுமார் 4,900 டாலர் கட்ட வேண்டும். டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்துரிமைக் காப்பீடு) செலவும் இல்லை. மெயின்டனன்ஸில் ஒரு பகுதி வருமான வரியில் கழியும் என்று புரோக்கர் சொல்வது உண்மைதான். ஆனால் 2025-க்குத் தம்பதியருக்கான நிலையான கழிவே 31,500. உங்கள் வட்டி, சொத்து வரி, மாநில வரி எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால்தான் பலன்.

டெக்சாஸ் விஷயத்துக்கு வருவோம். விற்கும்போது புரோக்கருக்கு 5 சதவீதம், நகர, மாநில மாற்று வரி 1.4, விற்பனையின்போது கோ-ஆப் நிறுவனம் வசூலிக்கும் ஃப்ளிப் டாக்ஸ் 2 என்று வையுங்கள்: சுமார் 28,500 டாலர். விலை 9 சதவீதம் ஏறினால்தான் போட்டதே திரும்பும். விற்காமல் வாடகைக்கு விடலாம் என்று நினைத்தால் சப்லெட் விதியைப் படியுங்கள். முதல் இரண்டு வருடம் கூடாது, பிறகு ஐந்தில் இரண்டு வருடம் மட்டும் என்பது சாதாரணமாகக் காணும் விதி. சில கட்டடங்கள் அறவே அனுமதிப்பதில்லை.

கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீல் மூன்று ஆண்டு ஆடிட் கணக்கையும், கடைசி 18 முதல் 24 மாத போர்டு மினிட்ஸையும் (கூட்டக் குறிப்புகளையும்) படிக்க வேண்டும். பல இடங்களில் மினிட்ஸ் நகல் தரமாட்டார்கள், ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். “நேரமில்லை” என்கிற வக்கீலை மாற்றிவிடுங்கள். கசிவு, வழக்கு, மூட்டைப்பூச்சி, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் அதில்தான் வெளிவரும். நிலம் கட்டடத்துக்குச் சொந்தமா, குத்தகையா என்றும் பாருங்கள். குத்தகை என்றால் இந்த விலைக்கும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கட்டும். கடன் கிடைக்காவிட்டாலோ, போர்டு மறுத்தாலோ ஒப்பந்தத்தின்போது தரும் 10 சதவீத டெபாசிட்டான 34,000 உங்களுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை அது விற்பவரின் வக்கீலுடைய எஸ்க்ரோ கணக்கில் (பொறுப்புக் கணக்கில்) இருக்கும். கையெழுத்துக்கு முன் போர்டு தீர்மானித்துவிட்ட அசெஸ்மென்ட்டை, தவணை பின்னால் வந்தாலும், விற்பவரே கட்ட வேண்டும். இந்த இரண்டாவதற்கு அவர் ஒப்பவில்லை என்றால் அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.