ஆப்பிள் பறிப்பு: வாசகர் கேள்விகள்

ஈஸ்டர் விடுமுறையில் டர்பனிலிருந்து கேப் டவுன் பக்கத்து ஆப்பிள் தோட்டப் பகுதியான எல்ஜின் போகிறோம். கேலா ரக ஆப்பிள் பறிக்கலாமா?

கேலா ஜனவரிக் கடைசியில் தொடங்கும். பிப்ரவரியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏப்ரலில் கிரானி ஸ்மித், பிங்க் லேடி போன்ற ரகங்கள் கிடைக்கும். ஊறுகாய் போடுகிற எண்ணம் இருந்தால் கிரானி ஸ்மித்தையே பறியுங்கள். மாங்காய் இல்லாத நாளில் அந்தப் புளிப்பு கைகொடுக்கும்.

நன்றாகச் சிவந்த பழம்தான் பறித்தோம். ஆனாலும் சப்பென்று இருக்கிறதே?

சிவப்பு வெயில் பட்டதைக் காட்டும், பழுத்ததைக் காட்டாது. சிவப்பு ஏறாத இடத்தில் தோலைப் பாருங்கள்: புல்பச்சை வெளிறி மஞ்சள் தட்டியிருக்க வேண்டும். (கிரானி ஸ்மித்துக்கு இது பொருந்தாது, அது பச்சையாகவே பறிக்கிற ரகம்.) ஒன்றை அறுத்து விதையையும் பாருங்கள்; வெள்ளையாக இருந்தால் இன்னும் காய்தான்.

சந்தேகம் தீராவிட்டால், பழத்தைக் குறுக்கே வெட்டி, தண்ணீர் கலந்த அயோடினை வெட்டுமுகத்தில் தடவி ஓரிரு நிமிடம் விடுங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும், சர்க்கரையாக மாறிய இடம் நிறம் மாறாது. முழுவதும் கறுத்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். நடுப்பகுதி வெளுத்து, ஓரம் மட்டும் கறுத்தால் சேமிக்க ஏற்ற பருவம். முழுவதும் வெளுத்துவிட்டால் உடனே தின்றுவிடுங்கள். அயோடின் தடவிய துண்டு மட்டும் குப்பைக்கு.

இழுத்தால் குச்சியும் சேர்ந்து ஒடிந்து வருகிறது.

இழுக்கக் கூடாது என்பதே பதில். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஆள்காட்டி விரலைக் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் வைத்து, பழத்தை மேல்நோக்கித் தூக்கிச் சற்றே திருகுங்கள். பருவம் வந்த பழம் காம்போடு கழன்றுவிடும். நீங்கள் ஒடித்தது சுருக்கம் விழுந்த கட்டைக் குச்சி. அடுத்த ஆண்டின் பூமொட்டு அதில்தான் இருக்கிறது. அதனால்தான் தோட்டக்காரர் முகம் சுளிக்கிறார். காம்பில்லாமல் வந்த பழத்தைத் தனியே வைத்து முதலில் சாப்பிடுங்கள், அந்தக் குழியில்தான் அழுகல் தொடங்கும். பையில் போடாதீர்கள், வையுங்கள். அடிபட்ட இடம் மறுநாள்தான் பழுப்பாகத் தெரியும்.

வீட்டில் பத்தே நாளில் மாவாகிவிடுகிறது.

வெளியே வைத்திருப்பீர்கள். கழுவாமல், சில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். கேரட் பக்கத்தில் வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துவிடும்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பின்புறம் ஆப்பிள் மரம் இருக்கிறது. இலைதான், பழமே இல்லை.

ஆப்பிள் பூத்துக் காய்க்கக் குளிர் வேண்டும், டர்பன் குளிர் அதற்குப் போதாது. குறைந்த குளிரே போதுமான 'அன்னா' ரகத்தைக்கூட அங்கே உறுதியாக நம்ப முடியாது. அந்த இடத்தில் மாமரம் வையுங்கள்.